வீடு திரும்பும் பை
(நாள்தோறும் வேலைக்குச் சென்று வருவோர் அறிய வேண்டியவை)



"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் முன்னோர் மொழி. அணை போடுவது அரசாங்கத்தின் வேலை. ஆனால் ஒரு சிறு பையைக் கட்டி வைப்பது நம் ஒவ்வொருவராலும் இயலக்கூடிய காரியம். அந்தப் பையைப் பற்றியே இக்கட்டுரை.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சனிக்கிழமையை நம் பினாங்கு வாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். அன்று தொடங்கிய புயல்மழை மறுநாள் வரை ஓயவில்லை. சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தீவிலும் செபராங் பிறையிலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாலைகள் ஆறுகளாயின. நள்ளிரவு தாண்டி இராணுவத்தின் உதவி கோரப்பட்டது. பினாங்கில் 7 பேர் உயிரிழந்தனர்.

என் பழைய மாணவி ஒருத்தி அப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வேலை பார்த்து வந்தாள். வீடு ஆயர் ஈத்தாமில். தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். கடையை அடைத்து வெளியே வந்தபோது பேருந்து இல்லை. சிறிது தூரம் நடந்து பார்த்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் திரும்பிவிட்டாள். தெரிந்த ஒரு கடையின் மாடியில் இன்னும் சிலரோடு ஒதுங்கினாள். இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்தது. பக்கத்தில் இருந்த மூவரிடம் தொலைபேசி வேலை செய்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் தன் தாயாரின் எண் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை! எல்லா எண்களும் அந்த அணைந்துபோன கருவிக்குள் இருந்தன.

ஞாயிறு நண்பகலில் அவள் வீடு சேர்ந்தபோது, நீரிழிவு நோயாளியான அந்தத் தாயார் முதல் நாள் மாலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் வாசற்படியிலேயே அமர்ந்திருந்தாராம். பின்னொரு நாள் என்னிடம் இதைச் சொன்ன அவள், "சார், ஒரு துண்டுத் தாளில் அம்மா நம்பரை எழுதி வைத்திருந்தால் போதும். அந்த ராத்திரியே வேறு மாதிரி இருந்திருக்கும்" என்றாள்.

அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. ஆறு கிலோமீட்டர் தொலைவுக்கே இந்த நிலை என்றால், கடல் கடந்து வேலைக்கு வருவோரின் கதி என்ன என்று எண்ணிப் பார்த்தேன்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்

அவசர காலத்தில் வேலையிடத்திலிருந்து வீடு வந்து சேர உதவும் பொருள்களை ஒரு பையில் கட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. நடந்தாவது வீட்டுக்குப் போய்விடலாம் என்பதே அதன் அடிப்படை. நமக்கோ நடுவில் கடல் இருக்கிறது.

1985 வரை தீவையும் பெருநிலத்தையும் இணைத்தது பெரிப் படகு ஒன்றே. அவ்வாண்டு 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014 மார்ச் மாதத்தில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் வந்தது. பழைய மஞ்சள் நிறப் பெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய பெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. கார்கள் ஏற முடியாது. ஆகவே காரில் வருவோருக்குப் பாலங்களை விட்டால் வேறு வழியில்லை. பாலங்களிலோ நடந்து செல்ல அனுமதி இல்லை.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ குடியிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் வருவோருக்கு, சில இரவுகளில் வீடு திரும்புவது இயலாத காரியம். அவர்களுடைய பை ஓர் இரவைத் தாங்கும் பையாகவும் இருக்க வேண்டும்.

கூட்ட நெரிசலின் ஆபத்தையும் நாம் கண்டவர்களே. 1988 ஜூலை 31-ஆம் நாள் தீவிலும் பெருநிலத்திலும் சமய விழாக்கள் நடந்த காரணத்தால் பட்டர்வொர்த் பெரி முனையத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அந்த முனையம் இடிந்து விழுந்ததில் 32 பேர் மாண்டனர். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் வீடு திரும்ப முயல்வதும் அதுபோன்ற நெரிசலை உண்டாக்கும். சற்றுப் பொறுத்திருக்கத் தெரிந்தவர் பல வேளைகளில் பாதுகாப்பாக இருப்பார். பொறுத்திருக்க வேண்டுமானால் கையில் தண்ணீரும் உணவும் மருந்தும் வேண்டும்.

மற்றவர் பட்ட பாடு

2005 ஜூலை 26-ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. இரயில்கள் நின்றன. இலட்சக்கணக்கானோர் அலுவலகங்களிலும் நிலையங்களிலும் இரவைக் கழித்தனர்; பலர் தண்ணீரில் மணிக்கணக்காக நடந்தனர். காரை விட்டு இறங்காமல் உள்ளேயே சிக்கிக்கொண்டவர்களில் சிலர் உயிரிழந்தனர். வெள்ளத்தில் நடந்தவர்களிடையே பின்னர் எலிக்காய்ச்சல் பரவியது.

2011 மார்ச் 11-இல் ஜப்பானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது தோக்கியோ பெருநகர வட்டாரத்தில் சுமார் 50 இலட்சம் பேர் வீடு திரும்ப முடியாமல் தவித்ததாக அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. அதன் பிறகு தோக்கியோ மாநகரம் ஒரு விதியை இயற்றி 2013 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. பேரிடர் நேர்ந்தால் ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் பாதுகாப்பாகத் தங்க வையுங்கள். மூன்று நாளுக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் இருப்பில் வையுங்கள் என்று அது நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறது. "ஓடாதே, முதலில் இரு" என்பதே அந்நகரம் கற்ற பாடம்.

நம் நாட்டிலும் 2021 டிசம்பர் 18-ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் சூழ்ந்தபோது நெடுஞ்சாலைகளில் பலர் காருக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. அவர்களுள் எத்தனை பேர் காரில் ஒரு போத்தல் தண்ணீராவது இருந்திருக்கும்?

பையில் வைக்க வேண்டியவை

பள்ளியில் பாடம் நடத்திய பழக்கத்தால் வரிசைப்படுத்தியே சொல்லுகிறேன்.

1. தாள். முதலிடம் இதற்குத்தான். வீட்டார் இருவர், வேலையிடம், வெளியூர் உறவினர் ஒருவர் ஆகியோரின் எண்களை எழுதுங்கள். இரத்த வகை, உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றையும் குறியுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை நனைந்தால் கரையும். அடையாள அட்டையின் நகலையும் சேர்த்து நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இடுங்கள்.

2. தண்ணீர். அரை லிட்டர் போத்தல் இரண்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். பேருந்தில் செல்வோர் ஒன்றைக் கையிலும் மற்றொன்றை வேலையிடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

3. உணவு. சமைக்கவோ சூடாக்கவோ தேவையில்லாதவை: பிஸ்கட், வறுத்த கடலை, பேரீச்சம்பழம். சாக்லெட் நம் வெயிலில் உருகிவிடும். உப்பு மிகுந்தவை தாகத்தைக் கூட்டும்.

4. மருந்து. இரண்டு நாளுக்குரிய மாத்திரைகளைத் தனியே எடுத்துப் பெயரும் வேளையும் எழுதி வையுங்கள். 2023-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. நம்மவரிடையே அது இன்னும் அதிகம். உணவு தவறி நெடுநேரம் நடந்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். கைநடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் கண்டால் குளுக்கோஸ் மாத்திரை மூன்று நான்கு, அல்லது அரைக் குவளை இனிப்புப் பானம் உடனே உட்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் குணமாகாவிட்டால் மீண்டும் அதே அளவு. இன்சுலின் போடுவோர் அதைக் காரிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைக்கக் கூடாது. 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது கெடும்.

5. விளக்கு. சிறிய டார்ச் ஒன்று. கைத்தொலைபேசியிலேயே விளக்கு இருக்கிறதே என்பீர்கள். அந்த விளக்கு, பேசுவதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தின்றுவிடும். டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி அருகில் வையுங்கள். தானே எரிந்து தீராது, கசிந்து கெடுக்காது.

6. பவர் பேங்க். 10,000 மில்லி ஆம்பியர் அளவுள்ளது ஒரு தொலைபேசியை ஏறக்குறைய இருமுறை நிரப்பும். பொருந்தும் கம்பியையும் சேர்த்தே வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் இதை விட்டுச் செல்லாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள்.

7. மழைக்கோட்டும் பிளாஸ்டிக் பைகளும். காற்று பலமாக வீசும்போது குடை பயன்படாது. பெரிய கறுப்புக் குப்பைப் பை இரண்டு வைத்திருந்தால் விரித்து உட்காரலாம், பொருளை மூடலாம், கழுத்துக்கும் கைகளுக்கும் துளையிட்டு அணியவும் செய்யலாம்.

8. கைலி ஒன்று. இதைப் பிற நாட்டார் பட்டியலில் காண மாட்டீர்கள். உடை மாற்ற மறைப்பு, போர்வை, விரிப்பு, துவட்டும் துண்டு, குழந்தைக்குத் தூளி, கை முறிந்தால் தொட்டில் கட்டு என்று அதன் பயன் பல. உலர்ந்த மேலாடை ஒன்றும் காலுறை இரண்டு இணையும் சேர்க்கவும். நனைந்த உடையோடு குளிரூட்டப்பட்ட அறையில் இரவெல்லாம் இருந்தால் உடம்பு தாங்காது.

9. காலணி. உயர்ந்த குதியுள்ள செருப்போடு ஐந்து கிலோமீட்டர் நடக்க முடியுமா? கால்விரல்களை மூடும் பழைய காலணி ஒன்றை வேலையிடத்தில் போட்டு வையுங்கள். வெள்ளத்தில் கண்ணாடித் துண்டும் ஆணியும் கிடக்கும். காலில் சிறு காயம் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே புகக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இருமடங்கு முக்கியம்.

10. ரொக்கம். மின்சாரம் நின்றால் வங்கி இயந்திரமும் இயங்காது, தொலைபேசி வழிப் பணமும் செல்லாது. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளாக ஐம்பது வெள்ளி வைத்திருங்கள். அதை அவசரத்துக்கு அன்றி வேறெதற்கும் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள்.

11. சில்லறைப் பொருள்கள். பிளாஸ்டர், கட்டுத்துணி, பனடால், கோடாலித் தைலம், சோப்புத் துண்டு, டிஷு தாள், ஊதல் ஒன்று, முகக்கவசம் இரண்டு. ஊதலின் ஓசை மனிதக் குரலைவிட நெடுந்தூரம் கேட்கும். 2015-இல் புகைமூட்டம் சூழ்ந்த நாள்களை நினைத்தால் முகக்கவசத்தின் அருமை விளங்கும். பெண்கள் தங்களுக்குரியவற்றையும் மறவாது வைக்க வேண்டும்.

வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நகை, கடப்பிதழ், நிலப்பட்டா போன்ற அசல் பத்திரங்கள் வேண்டாம். தற்காப்புக்கு என்று கத்தி எதுவும் வேண்டாம். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும்கூட ஆட்கள் அடைந்து கிடக்கும் இடத்தில் ஆபத்தானவை.

எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் தினமும் தோளில் சுமந்தால் ஒரு வாரத்தில் வெறுத்துப்போகும். பை வீட்டு மூலையில் கிடக்கும். ஆகவே மூன்றாகப் பிரியுங்கள். தாள், மருந்து, ரொக்கம், பவர் பேங்க், அரை லிட்டர் தண்ணீர் ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். காலணி, உடை, கைலி, உணவு ஆகியவை வேலையிடத்து மேசை அறையிலோ பெட்டியிலோ இருக்கட்டும். மழைக்கோட்டும் டார்ச்சும் வண்டியில் இருக்கட்டும். கைப்பையில் சேரும் சுமை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

புறப்படுவதா, இருப்பதா?

பையைவிட முக்கியமானது இந்த முடிவு. சில விதிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர், அதாவது கணுக்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் ஓட்டம் சிறிய காரை மிதக்கச் செய்யும். நம் நகரத்தில் சாலையோரக் கால்வாய்கள் ஆழமானவை. தண்ணீர் மூடிய பிறகு சாலை எது, கால்வாய் எது என்று கண்ணுக்குத் தெரியாது. சுங்கை பினாங்கு ஓரமும் பி. ராம்லி சாலையும் எத்தனை முறை மூழ்கியுள்ளன என்பதை அங்குள்ளோர் அறிவர். காருக்குள் இருக்கும்போது தண்ணீர் ஏறினால் வண்டியைக் காப்பாற்ற நினையாமல், கதவு திறக்கும் நிலையிலேயே இறங்கி மேடான இடத்துக்குச் செல்லுங்கள். வண்டியை மீண்டும் வாங்கலாம்.

உலர்ந்த சாலையில் மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் ஒருவர், இருட்டிலும் மழையிலும் 2 அல்லது 3 கிலோமீட்டர்தான் நடப்பார். பொழுது சாய இரண்டு மணி நேரமே இருக்க, செல்ல வேண்டிய தூரம் 6 கிலோமீட்டர் என்றால் புறப்படாதீர்கள். இருக்குமிடத்திலேயே தங்கி விடியலில் கிளம்புங்கள்.

மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்போர் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் புயற்காற்று மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தணிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத் தாமதத்துக்கு மேலாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் தடைபடும்போதும் குறுஞ்செய்தி பல வேளைகளில் சென்று சேரும். "பத்திரமாக இருக்கிறேன், இன்ன இடம், காலையில் வருகிறேன்" என்ற மூன்று செய்திகள் போதும். ஈப்போவிலோ சுங்கைப் பட்டாணியிலோ உள்ள உறவினர் ஒருவரைப் பொதுத் தொடர்பாளராக வைத்துக்கொண்டால், உள்ளூர்த் தொடர்பு அறுந்தாலும் அவர் வழியாகக் குடும்பத்தார் ஒருவரையொருவர் அறியலாம். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் 999.

தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

இத்தனை பொருள்களையும் விட மேலான ஒன்று உண்டு. அது பையில் அடங்காது. பெருநிலத்திலிருந்து தீவுக்கு வேலைக்கு வருவோருக்குத் தீவில் ஒரு வீடு வேண்டும். தீவிலிருந்து பெருநிலம் செல்வோருக்கு அங்கே ஒரு வீடு வேண்டும். சொந்த வீட்டைச் சொல்லவில்லை. "பாலம் அடைத்துவிட்டது அக்கா, இன்றிரவு தங்கிக்கொள்ளலாமா?" என்று கூச்சமின்றிக் கேட்கக்கூடிய வீடு. உடன் வேலை செய்பவர், மாமன், சின்னம்மா, பழைய அண்டை வீட்டார் என்று யாராவது இருப்பார்கள். மழை வந்த பிறகு கேட்பதைவிட இன்றே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நன்று. அதுபோலவே நாமும் ஒருவருக்கு அந்த வீடாக இருக்கச் சம்மதிக்க வேண்டும். வீட்டில் ஒரு பாயும் தலையணையும் கூடுதலாக இருந்தால் போதும்.

ஆண்டுக்கு இருமுறை

பையைக் கட்டி மறந்துவிட்டால் பிஸ்கட் நமுத்துப்போகும், மாத்திரை காலாவதியாகும், பேட்டரி இறந்துபோகும். நம் பினாங்கில் ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை வலுக்கும். சித்திரைப் புத்தாண்டும் விநாயகர் சதுர்த்தியும் இவ்விரு பருவங்களுக்குச் சற்று முன்னரோ தொடக்கத்திலோ வருகின்றன. அவ்விரு நாள்களிலும் பையைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை. பழைய பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். தொலைபேசி எண்கள் மாறியிருந்தால் திருத்துங்கள். அந்த எண்களைப் பிள்ளைகளிடம் கேட்டு ஒப்பிக்கச் செய்யுங்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குத் தாயின் எண் பெரிய பாடமன்று.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு அதிகமில்லை. பெரும்பாலானவை வீட்டிலேயே இருப்பவை. எல்லாவற்றையும் இன்றே செய்ய முடியாவிட்டாலும், இம்மலரை மூடி வைக்குமுன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு துண்டுத் தாளை எடுத்து இரண்டு எண்களை எழுதி, நாளைக் காலையில் வேலைக்குப் புறப்படும் உங்கள் மகன் அல்லது மகளின் பையில் வையுங்கள். 

என் மாணவி இன்றும் அப்படி ஒரு தாளை வைத்திருக்கிறாள். அதன் மடிப்புகள் கிழியத் தொடங்கியதும் புதிதாக எழுதி மாற்றிக்கொள்கிறாளாம். இதுவரை அது தேவைப்படவில்லை. இனியும் தேவைப்படாமல் இருக்கட்டும்.

காலையில் புறப்பட்டவர் அனைவரும் மாலையில் நலமே வீடு திரும்புவாராக!